ஊற்று முதல் கழிமுகம் வரை: பொருநைக் கரை நடை



ஓர் ஆற்றைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தவன் அதன் அகலத்தை அறிவான். குழாய்வழிக் குடித்தவன் அதன் சுவையை அறிவான். கரைவழியே நடந்தவனே அதன் வரலாற்றை அறிவான். பொதியமலையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடலொடு கலக்கும் பொருநையின் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். தமிழக எல்லைக்குள்ளேயே பிறந்து, தமிழக எல்லைக்குள்ளேயே கடல் சேரும் ஆறு இது. ஊற்று முதல் கடல் வரை தொடர்ச்சியாக இட்ட நடைபாதை இல்லை; ஆற்றங்கரையும் வாய்க்காற்கரையும் வயல்வரப்புமே வழி.

ஆற்றின் தலையூற்றாகிய பூங்குளம் அடர்கானகத்துள் உளது. அஃது இன்று களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காட்டுத்துறையின் இசைவின்றி அங்குச் செல்லலாகாது. ஆகவே பெரும்பாலார்க்கு நடை தொடங்குமிடம், ஆறு சமவெளியில் இறங்கும் பாவநாசமே. அங்கிருந்து நிமிர்ந்து நோக்கின், அகத்தியர் இருந்து தமிழ் வளர்த்தார் எனத் தொன்மரபு கூறும் மலைமுடி தெரியும்.

கீழே இறங்க இறங்க அணைகள் எதிர்ப்படும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என அவை எட்டு. முதலேழும் வெள்ளையர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவது மட்டுமே 19-ஆம் நூற்றாண்டில் அவர் காலத்தில் எழுந்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஊட்டும் நீரை இவை தேக்கித் திருப்ப, காரும் பிசானமும் விளைந்தன.

இங்கேதான் தமிழன் நின்று எண்ண வேண்டும். அணையிலிருந்து கால், காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். முதலிற் பாய்வது தலைமடை. இறுதியிற் பாய்வது கடைமடை. குளம் நிறைந்தால் மறுகால் பாயும். ஆற்றின் ஆழ்மடுவை நெல்லை உழவன் 'கசம்' என்பான். பழந்தமிழ்க் 'கயம்' அவன் நாவில் அவ்வாறு வாழ்கிறது. இச்சொற்களை எந்தப் புலவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை, நீர் கற்பித்தது.

நெல்லை நகரைக் கடந்து சீவலப்பேரியை அடைந்தால், சிற்றாறு வந்து கலக்கும் கூடல் காணலாம். முக்கூடற்பள்ளுக்கு நிலைக்களமாகிய முக்கூடல் அதுவே. நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை எனப் பெயர்களை அடுக்கிச் செல்லும் அந்நூல், ஓர் ஆற்றங்கரையின் சொற்களஞ்சியம்.

மேலும் கிழக்கே நடந்தால் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876-இல் செருமானியராகிய யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் இரீ ஆய்ந்தார். தாழிகளும் வெண்கலப் பொருள்களும் வெளிப்பட்டன. வடபால் உள்ள சிவகளையில் தாழியுட் கிடைத்த நெல், கி.மு. 1155 அளவினது என ஆய்வு காட்டியதைத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே இக்கரையில் நெல் இருந்தது. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையோ, ஆறு கொணர்ந்த வண்டலாற் கடல் விலக, இன்று கரையினின்றும் சில கிலோமீட்டர் உள்ளே சிற்றூராய் நிற்கிறது.

முடிவில் புன்னைக்காயல். காயல் என்பது உப்பங்கழி. ஊர்ப்பெயரே நிலத்தின் இயல்பை உரைக்கிறது. போர்ச்சுகல் நாட்டினின்று வந்த அண்டிரிக்கு அடிகளார் தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்த ஊர் இது. அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. தலையூற்றில் அகத்தியர் மரபு. கழிமுகத்தில் அச்சுத்தமிழ் தந்தவரின் நினைவு!

ஆயின், நடப்பவன் கண் காண்பன யாவும் பெருமையல்ல. நகரை ஊடறுத்தோடும் பழங்கால்களில் கழிவுநீர் கலக்கிறது. கால்வாய்க்கு முன்னோர் இட்ட பெயர் மறைந்து, 'சாக்கடை' என்னும் ஒரே பெயர் எஞ்சுகிறது. 2023 திசம்பர் 17, 18 நாள்களிற் பெருமழை கொட்டியபோது, குளங்கள் உடைந்து வெள்ளம் ஊர்களுட் புகுந்தது. மறுகால் எவ்வழி ஓடியது என்பதை மாந்தர் மறக்கலாம், நீர் மறப்பதில்லை.

பொருள் அழிந்தபின் அதன் பெயரை அகராதி மட்டுமே காக்கும். அகராதியுள் மட்டும் வாழும் சொல் பாடம் செய்த பறவையே. தூய தமிழை ஏட்டில் எழுதினாற் போதாது. அச்சொல் வாழும் நிலத்தையும் நீரையும் காத்தல் வேண்டும். விடுமுறை நாள்களில் மாணவரைக் கரைவழியே அழைத்துச் செல்க. ஒவ்வொரு மடையிலும் நின்று, அங்குள்ள முதியோரிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்க. பெயர் சொல்ல ஆள் உள்ளபோதே கேட்க வேண்டும்.

வாழ்க பொருநை! வெல்க தமிழ்!