என் இடுப்பும் ஆயாவின் இடுப்பும்: ஒரு வருஷம் கழித்து

இன்னிக்கு எபிசோட்ல கோடு, இன்டர்வியூ, ஏஐ எதுவும் கிடையாது. போன வருஷம் நாலு மாசம் நம்ம பாட்காஸ்ட் வரவே இல்லை, ஞாபகம் இருக்கா? "நிறுத்திட்டீங்களா ப்ரோ"னு நிறைய பேர் கேட்டீங்க. "சின்ன ஹெல்த் இஷ்யூ"னு ஒரே வரியில் பதில் போட்டு முடிச்சுட்டேன். அது சின்ன விஷயம் இல்லை. எனக்கு இடது பக்க இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அப்போ வயசு 27. போன வாரத்தோட ஒரு வருஷம் முடிஞ்சுது.

ஏன் அப்பவே சொல்லலைன்னா, வெட்கம்தான். மூட்டு மாற்றுன்னா தாத்தா பாட்டி சமாச்சாரம்னு நானே நினைச்சிட்டிருந்தேன். வீட்ல வேற வரன் பாக்க ஆரம்பிச்சிருந்தாங்க. "வெளியில சொல்லாதடா"னு அம்மாவும் சொல்லிட்டாங்க. இப்போ சொல்றதுக்குக் காரணம் எங்க ஆயா. அந்தக் கதைக்குக் கடைசியில வரேன்.

2021 மே மாசத்துல இருந்து தொடங்கணும். கோவிட் ரெண்டாவது அலை. எனக்கு ஆக்சிஜன் குறைஞ்சு, ஆஸ்பத்திரியில சேர்த்து, ஸ்டீராய்டு கொடுத்தாங்க. அந்த மருந்தை நான் இன்னிக்கும் திட்ட மாட்டேன். 2020 ஜூன்ல பிரிட்டன்ல நடந்த ரிகவரி ஆய்வோட முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன்ங்கிற விலை மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவை மூணுல ஒரு பங்கும், ஆக்சிஜன்ல இருந்தவங்க சாவை அஞ்சுல ஒரு பங்கும் குறைச்சதா அதுல தெரிஞ்சுது. நான் உயிரோட மைக் முன்னாடி உக்காந்திருக்கறதுல அதுக்குப் பங்கு இருக்கு.

ஆனா சில மாசம் கழிச்சு இடது தொடை இடுக்குல ஒரு வலி வந்தது. நடந்தா வலி, சாக்ஸ் போடக் குனிஞ்சா வலி. சில நாள் முட்டியிலதான் வலிக்கும், இடுப்புல ஒண்ணுமே தெரியாது. ஒரு கிளினிக்குல "நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உக்காருறீங்க, முதுகுப் பிரச்சினை"னு சொல்லி பெல்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்தாங்க. எக்ஸ்ரே நார்மல். ஏழு மாசம் அப்படியே ஓடிச்சு. அப்புறம் வேற ஒரு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கோவிட்ல ஸ்டீராய்டு போட்டாங்களா?" எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அவாஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமா ஏவிஎன்னு ரிப்போர்ட் வந்தது.

ஏவிஎன்னா என்ன? தொடை எலும்போட மேல் நுனியில ஒரு பந்து இருக்கு, எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெருசு. இடுப்பு எலும்புல இருக்கற கிண்ணத்துக்குள்ள அது சுழலும். அந்தப் பந்துக்குப் போற ரத்தக்குழாய்கள் ரொம்ப மெல்லிசு. வேற வழியில ரத்தம் போய்ச் சேர அவ்வளவா வாய்ப்பு இல்லை. நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் லைன் இல்லாத சர்வர். ஸ்டீராய்டு, அதிகக் குடி, சிக்கிள் செல் ரத்தநோய், எலும்பு முறிவு, இப்படி ஏதாவது ஒண்ணால ரத்தம் நின்னா, உள்ளே எலும்பு செத்துப்போகும். ஆரம்பத்துல வெளி வடிவம் மாறாது, அதனாலதான் எக்ஸ்ரேல தெரியாது. எம்ஆர்ஐல தெரியும். நாம ஏறி நடக்க நடக்க ஒருநாள் அந்தப் பந்து நசுங்கிடும். கோவிட் வந்துபோன மூணு பேருக்கு இப்படி ஆனதை மும்பை டாக்டர்கள் 2021லயே எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சப்போ, நாம தனி ஆள் இல்லைன்னு ஒரு ஆறுதல்.

எனக்கு ரெண்டு பக்கமும் இருந்தது. வலது பக்கம் ஆரம்ப நிலை. இடது பக்கம் மாத்திரையில கொஞ்ச காலம் இழுத்துப் பாத்தோம், கடைசியில நசுங்கிடுச்சு. 2024ல ஆபரேஷன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ராத்திரி பூரா இந்த மூட்டோட வரலாறைத்தான் படிச்சேன். இங்கிலாந்துல ரைட்டிங்டன் மருத்துவமனையில ஜான் சார்ன்லினு ஒரு சர்ஜன். 1950களோட கடைசியில, கிண்ணத்தை டெஃப்லான்ல செஞ்சு வெச்சுப் பாத்தார். நம்ம தோசைக்கல் மேல பூசுற அதே டெஃப்லான். வழுவழுன்னு இருக்கும்னு நினைச்சார். சில வருஷத்துல அது தேஞ்சு, உதிர்ந்த தூள் சுத்தியிருக்கற திசுவைக் கெடுத்துடுச்சு. சுமார் 300 பேருக்கு வெச்சது வீணாச்சு. நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தருக்கா அதை வெளியே எடுத்தார். அந்தத் தூள் உடம்பை என்ன பண்ணும்னு பாக்க, தன்னோட தொடையிலயே அதைச் செலுத்திக்கிட்டார். அப்புறம் ஹேரி கிரேவன்னு அவரோட டெக்னீஷியன், பாலிஎத்திலீன் துண்டு ஒண்ணை மெஷின்ல போட்டுத் தேச்சுப் பாத்தார். அது தேயவே மாட்டேன்னுது. 1962 நவம்பர்ல அதை வெச்சு ஆபரேஷன் பண்ணினாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க வைக்கற மூட்டு அந்த வழியில வந்ததுதான். புரொடக்‌ஷன்ல வெடிச்சதை ஒளிக்காம ஒத்துக்கிட்டுத் திருத்தின மனுஷன்னு அவர் மேல எனக்கு ஒரு மரியாதை.

என் உடம்புல இருக்கறது டைட்டானியம் தண்டு, டைட்டானியம் கிண்ணம், அதுக்குள்ள பாலிஎத்திலீன், மேல செராமிக் பந்து. சிமென்ட் கிடையாது. சொரசொரப்பான டைட்டானியத்துல நம்ம எலும்பே வளர்ந்து பிடிச்சுக்கும்.

மறுநாளே வாக்கர் வெச்சு நடக்க விட்டாங்க. அப்புறம் திண்டிவனத்துல எங்க வீடு. முதல் மூணு மாசத்துக்கு விதிகள்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கம் திருப்பக் கூடாது, தூங்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி. மீறினா பந்து கிண்ணத்தை விட்டு நழுவிடும். நம்ம வீடுகளை யோசிச்சுப் பாருங்க. தரையில பாய், தரையில சாப்பாடு, குத்தவெச்சு உக்காருற கக்கூஸ். நான் சென்னையில படுத்திருந்தப்பவே அப்பா வெஸ்டர்ன் கமோட் வெச்சு, கட்டிலுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து உசத்தி வெச்சிருந்தார். டைட்டானியம் எவ்வளவு முக்கியமோ, அந்த நாலு மரக்கட்டையும் அவ்வளவு முக்கியம்.

வாக்கருக்கு அப்புறம் கைத்தடி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல பாக்குறவங்க எல்லாம் சொல்லுவாங்க, "தம்பி, தப்பான கையில புடிச்சிருக்க." எனக்கு ஆபரேஷன் இடது பக்கம், தடி வலது கையில. அதுதான் சரி. இடது காலை மட்டும் ஊனி நிக்கும்போது, உடம்பு வலது பக்கம் சாயாம இருக்க இடது இடுப்புத் தசை இழுத்துப் பிடிக்கணும். அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டு மேல உடம்பு எடையைப் போல ரெண்டரை, மூணு மடங்கு பாரம் விழும். எதிர்க் கையில தடி ஊனினா தசைக்கு வேலை குறையும், மூட்டுக்கும் பாரம் குறையும்.

விழுப்புரம் ஜங்ஷன் மேம்பாலம்தான் என் பரீட்சை ஹால். பிசியோ சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னாடி. மூணாவது மாசம் பாசஞ்சர்ல மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாம் தாண்டி விழுப்புரத்துல இறங்கி, அந்தப் படியை ஏறி முடிக்கும்போது எனக்குப் பின்னாடி ஒரு கூட்டமே நின்னுட்டிருந்தது. ஒருத்தர்கூட திட்டலை. ஆயா வீட்டுக்குப் போனதும் ஆயா கேட்டது, "இரும்பு உள்ள குத்துதாடா?" குத்தலைன்னேன். "அப்ப சரி, சாப்பிடு."

ஒன்பதாவது மாசம். காலையில ஆறு மணிக்கு மாமா போன். ஆயா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, எழுந்திருக்க முடியலை. ஆயாவுக்கு 79 வயசு. நான் வீடியோ கால்ல காலைக் காட்டச் சொன்னேன். வலது கால் கொஞ்சம் குட்டையா, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பு முறிஞ்சதுக்கு அது முக்கியமான அடையாளம். பஸ் பிடிச்சுப் போறதுக்குள்ள வீட்ல முடிவே பண்ணிட்டாங்க: கட்டு போடுற வைத்தியரைக் கூப்பிட்டாச்சு. "இந்த வயசுல கத்தி வெச்சா தாங்குமாடா? கட்டு போட்டுப் படுக்கட்டும், நாம பாத்துக்கலாம்"னார் மாமா. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பயம்.

நான் சொன்னது இதுதான். கை எலும்பு, கால் எலும்பு நடுவுல உடைஞ்சா அசையாம வெச்சாக் கூடும். தொடை எலும்போட கழுத்துல உடைஞ்சா அப்படி இல்லை. பந்துக்குப் போற ரத்தக்குழாய் அந்தக் கழுத்து வழியாத்தான் போகுது, உடையும்போது அதுவும் அறுந்துடலாம். எனக்கு மூணு வருஷமா மெதுவா நடந்தது ஆயாவுக்கு ஒரே நிமிஷத்துல நடந்திருக்கு. கட்டு வெளியில இருக்கும், ரத்தம் உள்ளே போகாது. மாசக்கணக்கா படுத்தா படுக்கைப் புண், நிமோனியா, கால்ல ரத்தக்கட்டி. முடிஞ்சவரைக்கும் ரெண்டு நாளைக்குள்ள ஆபரேஷன் பண்றது நல்லதுன்னு டாக்டர்கள் சொல்றது அதனாலதான்.

மாமா கேட்கலை. "நீ சின்னப் பையன், உனக்குத் தாங்கிச்சு"ன்னார். அப்பத்தான் எனக்கு உறைச்சது: ஆயாகிட்ட யாருமே கேக்கலை. கட்டில் பக்கத்துல போனேன். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். அதுவரைக்கும் அம்மா தவிர சொந்தத்துல யாரும் அதைப் பாத்ததில்லை. ஆயா விரலால தடவிப் பாத்தாங்க. "இதுக்கு மேல படி ஏறுனியா?"ன்னாங்க. ஏறினேன்னேன். மாமாவைப் பாத்து, "அவன் நடக்குறான்ல. என்னையும் கூட்டிட்டுப் போங்கடா"ன்னாங்க. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது.

ஆம்புலன்ஸ்ல முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. சர்க்கரை, இதயம் எல்லாம் பாத்து, இந்த வயசுல என்னென்ன ஆகலாம்னு டாக்டர் மறைக்காம சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். மாமா கை நடுங்கிட்டே போட்டார். மூணாவது நாள் காலையில ஆபரேஷன். ஆயாவுக்குப் பந்து மட்டும் மாத்தினாங்க, கிண்ணத்தைத் தொடலை. "உனக்கு முழுசு, எனக்குப் பாதியா?"ன்னு இன்னிக்கும் அதுல ஒரு குறை. வீட்டுக்கு வந்தப்புறம், 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வந்து பயிற்சி கொடுத்தாங்க. இப்போ வாக்கரோட திண்ணை வரைக்கும் வராங்க. வெத்தலைக்கு ஆள் அனுப்பாம தானே கடைக்குப் போறதுதான் அடுத்த டார்கெட்.

என் நிலவரம்? அஞ்சு கிலோமீட்டர் நடக்கறேன். பைக் ஓட்டறேன். போன மாசம் மயிலம் முருகன் கோயில் படி ஏறினேன். தடி வீட்ல தூங்குது. ஓட்டமும் ஷட்டிலும் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். பந்தியில தரையில உக்கார மாட்டேன், நாற்காலி கேட்பேன், இப்போ கூச்சமில்லாம கேட்கறேன். தழும்பு பக்கத்துல கொஞ்சம் இடம் இன்னும் மரத்துதான் இருக்கு. ஆன்டி மர்ரேன்னு டென்னிஸ் வீரர், 2019 ஜனவரியில இடுப்புல உலோகம் வெச்சு, அதே வருஷம் அக்டோபர்ல ஆன்ட்வெர்ப்ல கோப்பை ஜெயிச்சார். அவருக்குப் பண்ணது வேற வகை, அவர் உடம்பும் வேற. அவரோட என்னை ஒப்பிட்டு ரெண்டு மாசம் அழுதிருக்கேன். நீங்க அதைப் பண்ணாதீங்க.

இது எத்தனை வருஷம் வரும்? 2019ல லான்செட்ல வந்த ஆய்வுப்படி, இடுப்பு மாற்று மூட்டுகள்ல சுமார் 58 சதவீதம் 25 வருஷம் தாங்குது. 27ஐயும் 25ஐயும் கூட்டுங்க. 52 வயசுல எனக்கு இன்னொரு ஆபரேஷன் வரலாம். வலது பக்கம் போன வாரம் எம்ஆர்ஐ எடுத்தோம். மோசமாகலை, அதே நிலை. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். பயம் இருக்கு. ஆனா இந்தத் தடவை ஒளிச்சு வெக்கப்போறதில்லை. வரன் வீட்டுக்கும் முதல் போன்லயே சொல்லிடணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ஆயாகிட்டயே சொல்லச் சொல்லுவோம்"னாங்க.

ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஸ்டீராய்டு எடுத்தவங்களுக்குத் தொடை இடுக்குல வலி வாரக்கணக்கா நீடிச்சா, எக்ஸ்ரே நார்மல்னாலும் விடாதீங்க, எம்ஆர்ஐ வேணுமான்னு எலும்பு டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்ல பெரியவங்க விழுந்து எழுந்திருக்க முடியலைன்னா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க.

அடுத்த வாரம் பழையபடி டெக் பேசலாம். அதுவரைக்கும் நேரா உக்காருங்க, நடுநடுவுல எழுந்து நடங்க.