தலை எரிச்சலும் தலைக்குளியலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடன், வட்டி, வங்கி இணைப்பு பற்றிப் பேச என்னைவிட விவரமானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழுக் கூட்டம் முடிந்ததும், "சிஸ்டர், சீப்பு பட்டாலே தலை எரியுது", "உச்சியைத் தொட்டா வலிக்குது" என்று காதோரம் வந்து சொல்லும் பெண்கள் எப்போதும் உண்டு. சத்தமாகச் சொல்லக் கூச்சம். பேன், பொடுகு என்றால் சுத்தமில்லாதவள் என்று நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் ஆபத்தான கைவைத்தியம் நடக்கிறது. அதனால்தான் இன்றைக்கு மைக்கிலேயே பேசிவிடலாம் என்று வந்தேன்.

என் பணிக்காலத்தில் ஒரு தாய், பருத்திக்கு அடித்த பூச்சி மருந்து மிச்சம் இருந்ததென்று மகளின் பேன் தலையில் தடவித் துணியால் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு வாயில் எச்சில் ஒழுகியது, வியர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தாள், மூச்சு திணறியது. 108 வண்டி வந்து, பெரிய மருத்துவமனையில் சேர்த்து, பல நாள் கழித்துத்தான் வீடு திரும்பினாள். அந்தத் தாய் பாசமில்லாதவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள் என்ற அவமானம் தாங்காமல் செய்தது. வயல் மருந்து தலைத்தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். சொறிந்த புண் இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். மண்ணெண்ணெயும் வேண்டாம். தோலைப் பொசுக்கும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். தெரியாமல் யாராவது தடவிவிட்டால் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலையை நன்றாக அலசி, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பேனுக்கென்றே மருந்துக் கடையில் பெர்மெத்ரின் 1 சதவீத மருந்து கிடைக்கிறது. தலையை அலசித் துவட்டி, ஈரப்பதத்தோடு தடவி, 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு பேன் சீப்பால் வாரி எடுக்க வேண்டும். ஈர் பொரிந்து வருவதால், ஒரு வாரம் பத்து நாளில் இன்னொரு முறை போட வேண்டும். கைக்குழந்தைக்கு மட்டும் செவிலியரைக் கேட்காமல் எதுவும் போடாதீர்கள்.

பேன் இல்லாமலும் தலை எரியும். நம்மில் பலர் தினமும் எண்ணெய் தடவுகிறோம், ஆனால் தலைக்குக் குளிப்பது வெள்ளிக்கு வெள்ளி. சில வாரம் அதுவும் இல்லை. களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று வெயிலில் நின்று வியர்த்து, அதன்மேல் தூசி, அதன்மேல் மறுபடி எண்ணெய். பொடுகை உண்டாக்கும் நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளரும். "தலை காய்ஞ்சு போச்சு, அதான் செதில் உதிருது" என்று மேலும் எண்ணெய் வைத்தால் அதற்குச் சோறு போட்ட மாதிரிதான். பொடுகு இருக்கும்வரை எண்ணெயைக் குறையுங்கள். கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு தடவை போட்டு, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலசினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இழுத்துப் பின்னுவதும், இறுக்கிக் கொண்டை போடுவதும் முடியின் வேரை இழுத்து வலிக்க வைக்கும். வருஷக்கணக்கில் அப்படியே செய்தால் நெற்றி ஓரம் முடி ஏறிவிடும். செங்கல், தண்ணீர், விறகு சுமக்கிறவர்கள் சும்மாட்டுத் துணியைத் துவைத்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். அழுக்குத் துணி உச்சியில் உரசி உரசிக் கொப்புளம் வரும். ஈர முடியை முடிந்து வைக்காதீர்கள். தலைச்சாயம் போடுகிறவர்கள், போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

இனி குளிக்கும் முறை. வாரம் இரண்டு தடவை போதும். தினம் வியர்க்கிறவர்கள் கூடுதலாகவும் குளிக்கலாம், தப்பில்லை. முதலில் சிக்கெடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஷாம்பூவைக் கிண்ணத்துத் தண்ணீரில் கலந்து, முடி நுனியில் அல்ல, தலைத்தோலில் தேயுங்கள். நகத்தால் பறண்டாமல் விரல் நுனியின் சதையால் தேயுங்கள். சீயக்காய் போடுகிறவர்கள் நன்றாகச் சலித்த பொடியையே எடுங்கள். கொரகொரப்பு தோலைக் கீறும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் குளியல் சோப்பு நுரைக்காது, பிசுக்காகத் தலையிலேயே தங்கும். அங்கே ஷாம்பூதான் நல்லது. வழவழப்பு போகும்வரை அலசுங்கள். துண்டால் அடிக்காமல் ஒற்றி எடுங்கள்.

சில வலிக்குக் குளியல் பதில் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் எரிந்து, கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. காவி எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள். கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். நெற்றியிலோ கண் அருகிலோ வந்தால் அன்றைக்கே போங்கள், பார்வையே பாதிக்கலாம். பிள்ளைக்கு வட்டமாக முடி கொட்டிச் செதில் வந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதற்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். தலையில் அடிக்கடி கட்டி வந்தால் சர்க்கரை பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பது நம் குழுப் பெண்கள்தானே! ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டுப் பக்கம் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்து, கண் மங்கினால் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஒரு வீட்டில் மட்டும் பேன் பார்த்தால் பக்கத்து வீட்டிலிருந்து மறுபடி வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு குழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு, தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தலை பாருங்கள். யாருடைய பிள்ளை என்று பேச்சே எழாது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். கூடவே, "வயல் மருந்தை எந்தப் பிள்ளை தலையிலும் வைக்க மாட்டோம்" என்றும் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.