விரலில் ஏறிய இரும்புப் பிசிறு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாரல் முடிந்து வெயில் தலைகாட்டியதும் நம் வளாகத்தில் ஒரு வேலை தொடங்கிவிடும். ஜன்னல் கம்பியில் துரு, பால்கனிக் கிராதியில் துரு. குற்றாலத்துக் காற்றைச் சும்மா அனுபவிக்க முடியுமா, அதற்கு நாம் கட்டும் வரி இது. கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் என்று மொட்டை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் இறங்கிவிடுகிறோம். சாயங்காலம் விரலில் சுருக்கென்று ஏதோ குத்தும். கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் தெரியும்.

பிதுக்காதீர்கள், பல்லால் கடிக்காதீர்கள். பிசிறு ஒடிந்து பாதி உள்ளே நின்றுவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால் இரும்பு மினுங்கும், இல்லையென்றால் அதன் நிழலாவது விழும். எந்தப் பக்கம் சாய்ந்து ஏறியிருக்கிறது என்று பாருங்கள். போன வழியிலேயேதான் அது திரும்பி வர வேண்டும்.

மேலாக நிற்கும் பொடிப் பிசிறுக்குச் செல்லோடேப் போதும். மெதுவாக ஒட்டி, ஏறிய திசைக்கு எதிராக உரியுங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காலத்து முள்வாங்கிக்கு ஈடில்லை. ஆச்சிமார் சாவிக் கொத்தில் வைத்திருப்பார்களே, அதுதான். காந்தம் இரும்புக்கு மட்டும் உதவும். அலுமினியம், பித்தளை அதற்கு மசியாது, எவர்சில்வரும் பெரும்பாலும் அப்படித்தான். முழுதும் உள்ளே போயிருந்தால் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் விரலை வையுங்கள். மரச்சிராய் நீரில் ஊதிவிடும், இரும்பு ஊதாது, தோல்தான் இளகும். பிறகு ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் மேல்தோலை மட்டும் கீறி, நுனியைத் தூக்கி, முள்வாங்கியால் இழுங்கள்.

எருக்கம்பால் வைக்கலாமா என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். வேண்டாம். இரும்பை அது வெளியே கொண்டுவராது. அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் கருவிழியே புண்ணாகும்.

நகத்துக்கு அடியில், மூட்டருகில், ஆழமாக ஏறியது என்றால் ஊசியைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் இரும்பு நன்றாகத் தெரியும். சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் குத்தியதே தெரியாமல் போகலாம், அவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். ரண ஜன்னி துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருவது. அழுக்குக் காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கண் மட்டும் தனிக் கதை. தூசிபோல் விழுந்தது என்றால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை விட்டுச் சிமிட்டுங்கள். போகவில்லை என்றால் துணி நுனி, காந்தம், நாக்கு எதுவும் வேண்டாம். கருவிழியில் ஒட்டிய இரும்பு ஓரிரு நாளுக்குள் துரு வளையம் போட்டுவிடும். சுத்தியல் அடிக்கும்போதோ கிரைண்டரிலோ தெறித்தது என்றால் வலி நின்றுவிட்டாலும் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். வேகமாக வந்த துணுக்கு உள்ளேயே போயிருக்கலாம். 1986-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி: கண்ணுக்குள் இரும்புத் துணுக்கு இருப்பதே தெரியாத ஒரு தகடு வேலைக்காரருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள், காந்தம் துணுக்கை அசைத்து அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. ஸ்கேன் எடுக்குமுன் இரும்பு வேலை செய்ததுண்டா என்று கேட்பது இதற்காகத்தான். ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள நமக்கு ஏன் சோம்பல் என்று எனக்குப் புரியவே இல்லை. துளை போடும்போது மட்டும் துணிக் கையுறை வேண்டாம், டிரில் சுற்றி இழுத்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன். நாம் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறோம். மறுநாள் விடியற்காலை அந்த இடத்தை வெறுங்காலோடு பெருக்குகிறவர் நாம் இல்லை. அவர் குப்பையைக் கையால்தான் அள்ளுகிறார். வாயால் ஊதாதீர்கள், கையால் தள்ளாதீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தரையோடு இழுங்கள், இரும்புப் பொடி பைமேல் ஒட்டும். பையை உள்வெளியாகத் திருப்பினால் பொடி பைக்குள், காந்தம் கையில். அப்படி ஒரு காந்தமும் ஒரு கட்டுப் பையும் மோட்டார் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். எடுத்துப் பயன்படுத்திவிட்டு அதே ஆணியில் மாட்டிவிடுங்கள்.