தோட்டத்து வாயில்லா உயிர்களும் நம் பொறுப்பும்

(தோட்ட மக்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரை)



விடியுமுன் பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் செல்லும் தொழிலாளிக்கு முன்னே ஓடுவது பல தோட்டங்களில் ஒரு நாய்தான். வழியில் பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். நிரைக்குள் காட்டுப் பன்றி புகுந்திருந்தால் நமக்கு முன்பே மோப்பம் கண்டு உறுமும். செக்ரோலில் அதற்குப் பெயர் இல்லை. லயத்தில் மிஞ்சும் சோறும் கருவாட்டுத் தலையுமே அதன் கூலி.

அந்த நாய் யாருடையது என்று கேட்டால், "தோட்டத்து நாய்" என்பதே விடையாக வரும். நலமாக இருக்கும்வரை அது எல்லாருடைய நாய். சொறி பிடித்தாலோ, மோட்டார் சைக்கிளில் அடிபட்டாலோ, குட்டி போட்டாலோ அது யாருடைய நாயும் அன்று. இந்த இடைவெளியைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

நம் தோட்டங்களின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அதன் பின்னர் இரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. சாமி படம், தட்டுமுட்டுச் சாமான், தையல் இயந்திரம் எல்லாம் லோரியில் ஏறின. நாய்க்கு மட்டும் இடமில்லை. பெரிய சாலை வரையில் லோரியின் பின்னே ஓடிவிட்டுத் திரும்பிய நாய்களைக் கண்டவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கின்றனர். காலியான லயங்களில் அவை பெருகின. பசியால் கூட்டமாகத் திரிந்தன. சைக்கிளில் செல்லும் பிள்ளைகளைத் துரத்தின. புகார் எழுந்தது, நாய் பிடிக்கும் வண்டியும் வந்தது. அந்த வண்டியைப் பழிப்பது எளிது. அது வரவேண்டிய நிலையை உண்டாக்கியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாய் பெருகும் கணக்கு மிக எளியது. ஒரு பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்திற்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்களே. ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறப்பது சாதாரணம். அவற்றுள் பெட்டைக் குட்டிகள் ஓராண்டுக்குள்ளாகவே தாய்மையடையக் கூடியவை. குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையருகே விட்டுவருவதோ, செம்பனைக் காட்டில் எறிந்துவருவதோ இந்தக் கணக்கை மாற்றாது. கருத்தடை அறுவை ஒன்றே மாற்றும். பூனைக்கும் இதுவே பொருந்தும்.

அறுவைக்குச் செலவாகுமே என்பீர்கள். ஆகும். நாட்கூலி பெறும் ஒரு குடும்பத்திற்கு அது சிறு தொகை அன்று. ஆனால் 60 வீடுகள் உள்ள ஒரு தோட்டத்தில் வீட்டுக்கு மாதம் 2 ரிங்கிட் சேர்த்தால் ஆண்டு முடிவில் 1,440 ரிங்கிட் கையில் இருக்கும். திருவிழாவுக்கு வரி வசூலிக்கத் தெரிந்த நமக்கு இது இயலாத காரியமா? கோயிற் குழுவோ, இளைஞர் மன்றமோ, பள்ளிப் பெற்றோரோ, யாரேனும் ஒரு சாரார் கணக்கை ஏற்றுக்கொண்டால் போதும். முதலில் பெட்டைகளைக் கவனிக்க வேண்டும். பணம் மிஞ்சினால் கடுவன்கள். தெருவில் திரியும் பிராணிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் உதவும் நல அமைப்புகளும் நாட்டில் உண்டு. சிலாங்கூரில் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் 1958 முதல் இயங்கி வருகின்றது. ஆயினும் காப்பகம் இருக்கின்றதே என்று எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்த் தள்ளுவது உதவி ஆகாது. காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன.

அடுத்தது வெறிநாய்க்கடி நோய். நம் நாடு அந்நோயற்ற நாடு என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2015இல், பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் சிறு பிள்ளைகள் உயிரிழந்தனர். அதன் பின்னரும் அம்மாநிலத்தில் மரணங்கள் நிகழ்ந்தன. அறிகுறி தோன்றிய பின் இந்நோய்க்கு மீட்சி இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் வராமல் தடுப்பது நம் கையில் உள்ளது. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. 40 நாய்கள் உள்ள தோட்டத்தில் 28 நாய்கள். கண்ட நாய்களையெல்லாம் கொன்று தீர்ப்பதால் இப்பயன் கிட்டுவதில்லை. காலியான இடத்திற்கு வேற்றிடத்து நாய்கள், ஊசி போடாதவை, வந்து சேரும்.

நாய் கடித்தாலோ, நகத்தால் கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது. கழுவியவுடன் மருத்துவமனைக்குச் செல்க.

ஊசி போடும் நாளில் நாயைப் பிடிப்பது எவ்வாறு என்பது பெரும் பிரச்சினை. வலையும் கயிறுமாக ஓடினால் ஒரு நாயும் அகப்படாது. தினமும் சோறு வைக்கும் பாட்டியே அதைப் பிடிக்கத் தகுந்தவர். எந்த நாய்க்கு எந்த வீட்டார் சோறு வைக்கின்றனர் என்று முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டு, மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்தாரிடம் நாள் கேட்க வேண்டும். உரிமம் பற்றி நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ விசாரித்துக்கொள்க.

அடிபட்ட பிராணியைத் தூக்கும் முறையையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். அது அதன் குற்றமன்று. சாக்கையோ தடித்த துணியையோ மேலே போர்த்தி, ஒரு பலகையின்மீது மெல்ல நகர்த்தி எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள பெனடோல் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது உயிர்கொல்லி. சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் தடவுவதும், புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். தோல் வெந்துபோவதோடு, நக்கும்போது அது வயிற்றுக்குள்ளும் செல்கின்றது. கால்நடை மருத்துவரிடம் இதற்கு நல்ல மருந்து உண்டு.

இன்னொரு கொடுமை கண்ணில் படாமலே நடக்கின்றது. குட்டியின் கழுத்தில் பிள்ளைகள் ஆசையாக நைலான் கயிற்றைக் கட்டுவர், பிறகு மறந்துவிடுவர். குட்டி வளரும், கயிறு வளராது. அது தோலை அறுத்துக்கொண்டு சதைக்குள் இறங்கிய நிலையில் எத்தனையோ நாய்கள் மீட்கப்பட்டுள்ளன. கயிற்றுக்குள் இரண்டு விரல் நுழைகின்றதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பூனைக்குட்டி தனியே கத்தினால் உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடச் சென்றிருக்கலாம். தூரத்தில் நின்று சில மணி நேரம் காத்திருங்கள். களைக்கொல்லி, பாலை உறைய வைக்கும் அமிலம் ஆகியவற்றின் போத்தல்களை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தொழிலாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கண்ணி சட்டப்படி குற்றம். அதில் நம் நாயும், அண்டை வீட்டாரின் ஆடும், அரிய காட்டு விலங்கும் ஒருசேர மாட்டுகின்றன.

சட்டமும் இப்பொழுது வலுவாக உள்ளது. விலங்கு நலச் சட்டம் 2015இல் இயற்றப்பெற்று 2017 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஒரு காலத்தில் இக்குற்றத்துக்கு அபராதம் வெறும் 200 வெள்ளிதான்! வளர்ப்பவர் தக்க இடமும் உணவும் தந்து, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது.

நம் தோட்டங்களில் இஸ்லாமிய அன்பர்களும் அண்டையில் வாழ்கின்றனர். நாயின் எச்சில் அவர்கள் மீது படுவது அவர்களுக்குச் சமயச் சங்கடம். ஆகவே நாயை அவிழ்த்துவிட்டு, "அது கடிக்காது" என்று சொல்வது போதாது. பூனைகளிடம் அவர்கள் காட்டும் பரிவு நாம் அறிந்ததே. பூனைகளுக்கான கருத்தடை முயற்சியில் அவர்களையும் அழைத்துப் பாருங்கள். கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணிக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வெட்டு முடிந்தபின் நான்கு இளைஞர்கள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துடன் லயம் லயமாகச் செல்லட்டும். நிறம், ஆணா பெட்டையா, சோறு வைப்பவர் பெயர், ஊசி போட்ட தேதி ஆகிய நான்கும் எழுதப்பட்டால் போதும். வீடு மாறிச் செல்லவிருக்கும் குடும்பம் இரண்டு மாதங்களுக்கு முன்பே அப்புத்தகத்தில் தன் நாயின் பெயருக்கு எதிரே குறித்துவிடட்டும். வேறொரு வீடு பார்க்க அந்த இரண்டு மாதம் தேவைப்படும்.