ஆரஞ்சுத் தோலும் கேளா ஒலியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாகபுரியில் வாழும் நமக்கு ஆரஞ்சு புதியதன்று. அம்பியா, மிருக் என்னும் இரு பருவங்களில் சந்தைக்கு வரும் இக்கனி, 2014-இல் புவிசார் குறியீடும் பெற்றது. கனியை உண்கிறோம், தோலை எறிகிறோம். நம் பாட்டிமார் மட்டும் அதனை உலர்த்திக் குளியற்பொடியில் சேர்த்தனர்; புளி கரைத்துக் குழம்பும் வைத்தனர்.

சாறு பிழியும் ஆலைகளில் பழத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கழிவாக நின்றுவிடுகிறது. அதனை எரிவாயுக் கலத்தில் இடலாமெனின், தோலெண்ணெயிலுள்ள லிமோனீன் அங்குள்ள நுண்ணுயிர்களை ஒடுக்கிவிடும். ஆயினும் அது வெறுங்குப்பையன்று. பழக்கூழை உறையச் செய்யும் பெக்டின் அதில் உண்டு. தோலின் உட்புற வெண்பகுதியில் ஹெஸ்பெரிடின் உண்டு. 1828-இலேயே லெப்ரெட்டான் என்னும் பிரெஞ்சு நாட்டவர் பிரித்தெடுத்த பொருள் இது. காலில் இரத்தக் குழாய்கள் புடைத்து வருந்துவோர்க்குத் தரும் மாத்திரைகளில், டயாஸ்மினுடன் இதுவும் சேர்கிறது.

இவற்றைக் கொதிக்க வைத்தே எடுப்பின் நேரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். ஈண்டுத்தான் மீயொலி துணைக்கு வருகிறது. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட இவ்வொலி நம் செவிக்கு எட்டாது. எரிசாராயமும் நீரும் கலந்த கலவையில் தோற்பொடியை இட்டு, டைட்டானியக் கோல் ஒன்றின் வழியே ஒலியைச் செலுத்துவர். நீர்மத்தில் நுண்குமிழிகள் தோன்றி, பருத்து, சட்டென ஒடுங்கும். ஒடுங்கும் புள்ளியில் இமைப்பொழுதினும் குறைந்த நேரத்திற்குச் சில ஆயிரம் பாகை வெப்பம் எழும்; கலவை முழுவதுமோ மிதமான சூட்டிலேயே நிற்கும். அவ்வதிர்ச்சி செல்சுவரைக் கிழிக்க, உள்ளிருக்கும் பொருள் வெளிப்படும். மணிக்கணக்கான வேலை பல வேளைகளில் நிமிடங்களில் முடிகிறது. கப்பலின் உந்துவிசிறிகளை அரிப்பவையும் இத்தகைய குமிழிகளே. அவை ஒடுங்கும்போது எழும் அழுத்தத்தை ராலே பிரபு 1917-இல் கணக்கிட்டார்.

ஒலியைக் கூட்டக் கூட்ட விளைச்சல் கூடும் என்று எண்ணற்க. அளவு மீறின் எடுக்க வந்த பொருளே சிதையும். கோலும் தேய்ந்து உலோகத் துகள் கலவையில் கலக்கும். மேலும், கோலின் முனையை விட்டு விலக விலக ஒலியின் வலிமை விரைந்து குன்றும். ஆதலின் பெருந்தொட்டியில் ஒரு கோலை நட்டுப் பயனில்லை; சிற்றறைகளின் வழியே கலவையை ஓடவிடல் வேண்டும்.

என் கருத்தில், இத்தொழிலின் கடினம் கருவியில் இல்லை. பச்சைத் தோலில் முக்காற்பங்குக்கு மேல் நீர். சில நாளில் பூஞ்சணம் படரும். ஆலைக்குத் தொலைவிலிருந்து சுமந்து வந்தால் நீருக்கே வண்டிக்கூலி கொடுத்தவராவோம். விதர்ப்பத்து வெயிலில் தோட்டத்தருகிலேயே உலர்த்தினால், மண எண்ணெய் ஓரளவு போயினும் ஹெஸ்பெரிடின் தங்கும். உலர்த்தும் கூலியும் அங்குள்ள உழவர் வீட்டிற்கே சேரும். பூச்சிமருந்தின் எச்சம் தங்குமிடமும் தோலே என்பதால், எந்தத் தோட்டத்துத் தோல், எப்போது மருந்து தெளித்தது என்னும் கணக்கும் உடன் வரவேண்டும். நம் குடியிருப்பின் பொறியியல் பயிலும் இளைஞர்கள் கருவியின் விலையை விசாரிக்கும் முன், வரும் பருவத்தில் உலர்களத்திற்கு இடம் தேடித் தோட்டக்காரர்களிடம் சென்று பேசுவார்களாக.