கலைந்து செல்லச் சொல்லும் உரிமை யாருக்கு?



கல்முனைக் கரையை அலைக்கும் வங்கக் கடலே சென்னை மெரீனாக் கரையையும் அலைக்கின்றது. அந்த மெரீனாவில் 2017ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் தொடங்கி 23ஆம் நாள்வரை நிகழ்ந்த மாணவர் போராட்டத்தை இலங்கைத் தமிழ்பேசும் இளைஞரும் வியப்போடு நோக்கினர். சல்லிக்கட்டுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மே 7ஆம் நாள் விதித்த தடையை நீக்குமாறு கேட்டே மாணவர் அங்கு கூடினர். முதல் நாள் சிறு குழுவாக இருந்தது, இரண்டொரு நாளில் மணற்பரப்பை நிறைத்த பெருங்கூட்டமாயிற்று. தெருவிளக்கு அணைந்த இரவில் ஆயிரமாயிரம் கைத்தொலைபேசிகள் ஒளிர்ந்த காட்சியை மறந்தவர் இலர்.

அப்போராட்டத்தின் பெருமையாகச் சொல்லப்பட்டது ஒன்று: அதற்குத் தலைவர் என எவரும் இல்லை. அரசியற் கட்சியினரை மாணவர் அணுகவிடவில்லை. ஆனால், தலைமை இல்லாத இடம் நெடுநாள் வெற்றிடமாக இருப்பதில்லை. ஒலிபெருக்கி கையில் உள்ளவரும், செய்தியாளர் தேடிவரும் முகமுடையவரும், தாமே விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தலைவராகத் தோன்றலாயினர்.

ஜனவரி 21ஆம் நாள் தமிழக அரசின் அவசரச் சட்டம் பிறந்தது. பிளவும் அன்றே பிறந்தது எனலாம். அவசரச் சட்டம் போதாது, நிலையான சட்டமே வேண்டும் என்றனர் மாணவருட் பலர். மறுநாள் போட்டியைத் தொடக்கிவைக்க மதுரை சென்ற முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், அலங்காநல்லூர் மக்கள் இணங்காமையால் வெறுங்கையுடன் திரும்பினார். அதே நாளில் இசைக்கலைஞர் ஆதி, முழக்கங்கள் திசைமாறிச் செல்கின்றன எனக் கூறி விலகினார். காங்கேயம் மாட்டினத்தைப் பேணிவரும் கார்த்திகேய சிவசேனாபதி முதலிய சிலரும் போராட்டத்தை நிறுத்துமாறு வேண்டினர்.

இவர்கள் போலிகள் அல்லர். மாணவர் கடற்கரைக்கு வருமுன்பே இதற்காகக் குரல் கொடுத்தவர்கள். சட்டத்தின் நெளிவுசுளிவுகளை அறிந்தவர்கள். ஆயினும் மணலில் இருந்த மாணவன் கேட்ட கேள்வி ஒன்றே: "எம்மை அழைத்தவர் நீர் அல்லர், எம்மை அனுப்பிவைக்க நீர் யார்?" மேலும், அம்மாணவருட் பலருக்குக் காளை ஒரு தொடக்கமே. காவிரி நீர், வறட்சியால் மாண்ட உழவர், தில்லியின் போக்கு ஆகிய யாவும் அவர் முழக்கத்திற் புகுந்தன. ஒரு சாரார் திசைமாற்றம் என்றதை மறுசாரார் விழிப்பு என்றனர்.

கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களிலே, பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிக்கு ஒரு மரைக்காயர் அமர்வது நெடுங்கால வழக்கு. தாய்வழி வரும் ஒவ்வொரு குடியும் தன் சார்பில் ஒருவரை அங்கே வைத்திருக்கும். அவர் சொல்லைச் சிலர் ஏற்பர், சிலர் முணுமுணுப்பர். ஆனால் அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பதில் ஐயம் எழாது. மெரீனாவில் இல்லாதிருந்தது இத்தெளிவே. பிறர் தலைமையை மறுத்த மாணவர், தமக்கெனப் பேச நால்வரைத் தெரிந்து நிறுத்தவும் இல்லை. மறுப்பது எளிது, ஆளுக்கொரு பதில் சொல்லும் கூட்டத்தோடு எந்த அரசும் பேசுவது அரிது. அரசுக்கு அது வசதியாகவும் போய்விடும்.

முறையான குழு இருந்தாற் போதுமோ எனின், அதற்கும் ஐயமற்ற விடை இல்லை. 1965இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை நடத்த மாணவருக்கெனப் போராட்டக் குழு ஒன்று இருந்தது. பெப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உரையாற்றி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். மறுநாள் குழு கிளர்ச்சியை ஒத்திவைத்தது. கொந்தளிப்போ மார்ச் தொடக்கம்வரை அடங்கவில்லை. பலரைச் சுட்டுக்கொன்ற நாள்களின் பின்னர், குழுவின் தாள் ஒன்று இளைஞரின் சினத்தை எவ்வாறு தணிக்கும்?

இந்நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் கூடியவர்கள், நோன்பு திறக்க முஸ்லிம்களோடு ஒரே விரிப்பில் அமர்ந்தவர்கள், ஜூலை 14ஆம் நாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி துறந்ததும் ஒரே மனத்தினராய் இருக்கவில்லை. வந்த காரியம் முடிந்தது என்றனர் சிலர். முறைமையே மாறவேண்டும் என்றனர் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தினர் உள்ளிட்டோர். ஜனாதிபதிச் செயலகத்தைக் கையளிப்பதாக அவர்கள் அறிவித்திருந்த ஜூலை 22ஆம் நாள், விடியுமுன்னரே படையினர் வந்துவிட்டனர்.

மெரீனாவிலும் வைகறையிலேதான் பொலிசார் வந்தனர். ஜனவரி 23ஆம் நாள் காலை, சட்டமன்றம் கூடுமுன்பே மாணவரை அப்புறப்படுத்தத் தொடங்கினர். அன்று மாலை நிலையான சட்டம் நிறைவேறியது. கடற்கரையில் எஞ்சியிருந்தவரிடம் ஓய்வுபெற்ற நீதிபதி அரிபரந்தாமன் சென்று, அச்சட்டம் சொல்வது இன்னது என விளக்கினார். அவர் தம்மைத் தலைவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை; கட்டளையும் இடவில்லை. கேட்டவர் கலைந்தனர். இதை ஒரு நாள் முன்னதாகச் செய்திருக்கலாகாதா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஏனெனில், காலைக்கும் மாலைக்கும் இடைப்பட்ட பொழுதில் பெரும் விலை கொடுத்தவர்கள் வேறு சிலர். விரட்டப்பட்ட மாணவர் கடலோரமாக ஓடியபோது அருகிருந்த குப்பங்களின் மீனவர் அவர்களுக்குப் புகலிடம் அளித்தனர். நடுக்குப்பத்து மீன்சந்தை எரிந்து போயிற்று. வீடுகளும் வாகனங்களும் சேதமுற்றன. எரித்தவர் யார் என்பதே பின்னர் பெரும் வாதமாகி, ஓய்வுபெற்ற நீதிபதி இராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. போராட்டத்தைத் தொடர்வதா முடிப்பதா என்று நடந்த வாதத்தில் நடுக்குப்பத்தார்க்குப் பங்கு இருக்கவில்லை. அந்தச் சந்தையிலே மீன் விற்று வந்த பெண்கள், மறுநாள் சாம்பலருகே நின்றனர்.