ஆகாஷி நீரிணையின் தொங்குபாலம்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷூவுக்கும், ஸெத்தோ உள்நாட்டுக் கடலின் கிழக்கு வாயிலில் கிடக்கும் அவாஜித் தீவுக்கும் இடையே ஓடுகின்ற ஆகாஷி நீரிணை, சுமார் 4 கிலோமீட்டர் அகலமே உடையதாயினும், தன் நீரோட்டத்தின் உக்கிரத்தாலும் ஓயாத கப்பற் போக்குவரத்தாலும் படகோட்டிகளை நெடுங்காலம் அஞ்ச வைத்தது. 1945 டிசம்பரில், யுத்தம் ஓய்ந்து சில மாதங்களே கழிந்திருந்த வேளையில், அளவுக்கு மீறி ஜனங்களை ஏற்றிச் சென்ற செக்கிரெய் மாரு என்ற படகு அங்கே மூழ்கி, 300-க்கும் மேற்பட்டோர் ஜலசமாதியாயினர். பாலம் வேண்டும் என்ற வேட்கைக்கு இத்தகைய துக்கங்களே வித்து என்று நான் கருதுகிறேன்.

1988-ல் வேலை ஆரம்பமாயிற்று. 80 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கூடுகளைக் கடலடியில் 60 மீட்டர் ஆழத்தில் அமர்த்தி, நீரில் கரைந்து சிதறாத விசேஷக் கான்கிரீட்டை அவற்றுள் நிரப்பி, அவற்றின்மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்குக் கோபுரங்களை எழுப்பினார்கள். இரு கோபுரங்களும் செங்குத்தாகவே நிற்பினும், பூமியின் வளைவு காரணமாக, அவற்றின் உச்சிகள் அடிகளைவிட 9 சென்டிமீட்டர் அளவு விலகியிருக்கின்றன! அவற்றின்மேல் சென்ற வடங்கள் ஒவ்வொன்றிலும் 36,830 எஃகுக் கம்பிகள்.

கோபுரங்களும் வடங்களும் தயாராகி, பாதையைத் தொங்கவிடும் பணி தொடங்குமுன், 1995 ஜனவரி 17 விடியலில், கோபே நகரைச் சின்னாபின்னமாக்கி 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பூகம்பம், இந்நீரிணையின் அருகிலேயே பிறந்தது. பாலம் விழவில்லை, ஆனால் அடித்தளங்கள் நகர்ந்துவிட்டபடியால், 1,990 மீட்டராகத் திட்டமிட்ட நடு இடைவெளி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டுவிட்டது. பொறியாளர்கள் கடலை மறுபடி அளந்து, பூமி தந்த புதிய கணக்குக்கு ஏற்ப, தாங்கு சட்டங்களையும் தொங்கு கம்பிகளையும் திருத்தி, 1998 ஏப்ரல் 5-ல் பாலத்தைத் திறந்தனர். உலகிலேயே நீளமான நடு இடைவெளி கொண்டது என்ற கீர்த்தி 2022-ல் துருக்கிக்குப் போய்விட்டது. அந்தக் கீர்த்தியைக் காட்டிலும், தம் வரைபடத்தைத் திருத்தத் தயங்காத அந்தப் பணிவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். பாலம் மோட்டார் வாகனங்களுக்கே உரியது. கால்நடையாக வருவோரும் சைக்கிளில் வருவோரும், அவாஜியின் இவாயாத் துறையிலிருந்து ஆகாஷிக்கு இன்றும் படகில்தான் கடக்கிறார்கள்.